டபுள் புரமோஷனா, அதே வகுப்பில் கூடுதல் தீனியா?

ஆறாம் வகுப்புக் கணக்கை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுப் பெஞ்சைச் சுரண்டும் பிள்ளைக்கு எது சரி: ஏழாம் வகுப்பைத் தாவி நேராக எட்டில் சேர்க்கும் டபுள் புரமோஷனா, அதே வகுப்பில் இருந்தபடி கடினமான கணக்குகளைக் கொடுக்கும் கூடுதல் தீனியா? முதலில் கண், காது பரிசோதனை. பிடித்த வேலையிலும் கவனம் நிற்கவில்லை என்றால் குழந்தை மருத்துவர். அதன்பிறகுதான் இந்தக் கேள்வி.

செலவு
புரமோஷன்: ஒரு வருடக் கட்டணம் மிச்சம்.
கூடுதல் தீனி: நூலகப் புத்தகம், போட்டிக் கட்டணம். ஆசிரியரின் நேரம்தான் பெரிய செலவு.

சிக்கல்
புரமோஷன்: ஏழாம் வகுப்பின் குறை எண் (மைனஸ் எண்) பெருக்கல், எளிய சமன்பாடு விட்டுப்போகும், கோடை விடுமுறையிலேயே நிரப்ப வேண்டும். எழுதும் வேகமும் பின்தங்கும். நீட் எழுத, மருத்துவக் கல்லூரியில் சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். பிறந்த தேதியைப் பார்க்காமல் தாவினால் மிச்சப்பட்ட வருடம் காத்திருப்பில் போகும்.
கூடுதல் தீனி: அதே மாதிரிக் கணக்கு இன்னும் இருபது கொடுப்பதுதான் வழக்கமான தவறு. சீக்கிரம் முடித்தால் தண்டனை என்று பிள்ளை புரிந்துகொண்டு மெதுவாகப் போடும். பயிற்சியின் கடைசி ஐந்து கடினக் கணக்குகளை முதலில் கொடுங்கள். நான்கு சரியானால் மற்றவற்றை விட்டுவிட்டுப் புதிர், என்எம்டிசி (NMTC) என்ற தேசியக் கணிதத் திறன் போட்டியில் காஸ் (Gauss) பிரிவின் (5, 6ஆம் வகுப்பு) பழைய தாள்கள்.

பின்வாங்க வழி
புரமோஷன்: கடினம், திரும்பி வந்தால் பிள்ளை அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும்.
கூடுதல் தீனி: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கணக்கில் மட்டும் முந்துகிற பிள்ளைக்கு அதே வகுப்பு. எல்லாப் பாடத்திலும் ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாளைச் சுலபமாக எழுதி, பெரிய பிள்ளைகளோடு இயல்பாகப் பழகி, தானும் விரும்பினால் புரமோஷன்.