சுவோனில் ஒரே ஒரு மாலை: பிக் பேர்டா, விஸ் பார்க்கா?

சியோலுக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கும் துணைநகரம் சுவோன். ஆட்டம் பார்க்க இங்கே முக்கியமாக இரண்டு இடங்கள்: கிழக்கே உலகக் கோப்பை கால்பந்து அரங்கம், வடக்கே நகர விளையாட்டு வளாகத்துக்குள் கேடி விஸ் பார்க் பேஸ்பால் அரங்கம். நடுவில் ஹ்வாசோங் கோட்டை. அதன் கிழக்கு வாசலான சாங்ன்யோங்முன்னிலிருந்து முதலாவதும், வடக்கு வாசலான ஜாங்கான்முன்னிலிருந்து இரண்டாவதும் ஏறக்குறைய 20 நிமிட நடை.

கட்டடம் என்று பார்த்தால் 2001இல் திறந்த உலகக் கோப்பை அரங்கத்துக்குத்தான் முதலிடம். இறக்கை விரித்தது போன்ற கூரையால் 'பிக் பேர்ட்' என்று பெயர். ஓட்டப் பாதை இல்லாத, கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கம் என்பதால் ஆடுகளம் கிட்டத்தில் தெரியும். 2002 உலகக் கோப்பையில் போர்ச்சுகலை அமெரிக்கா 3-2 என்று கவிழ்த்தது இங்கேதான். கூரை முக்கியமாகக் கிழக்கு, மேற்கு இருக்கைகளுக்குத்தான். இங்கே ஆடும் சுவோன் சாம்சங் புளூவிங்ஸ் கால்பந்து அணியின் ரசிகர்கள் நின்றுகொண்டே பாடும் வடக்குப் பகுதியில் டிக்கெட் எடுத்தால், மழைக்கோட்டு கையில் இருக்கட்டும். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஆனால் 40,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கத்தில், ஒரு பருவத்துக்கு இங்கே நடக்கும் லீக் ஆட்டங்கள் 20 அளவில்தான். பேஸ்பாலில் ஓர் அணிக்கு 144 ஆட்டம்; பாதி சொந்த ஊரில். மார்ச் கடைசி முதல் இலையுதிர் காலம் வரை, திங்கள் தவிர எந்த நாளிலும் ஆட்டம் இருக்கலாம். வார நாட்களில் வழக்கமாக மாலை 6:30க்குத் தொடக்கம். பயணத் தேதியை மாற்ற முடியாதவருக்கு இந்த ஒன்றே போதும், விஸ் பார்க்தான். ஒரே இடர் மழை. கால்பந்து நனைந்துகொண்டே நடக்கும், பேஸ்பாலை ரத்து செய்துவிடுவார்கள். ஜூலை மழைக்காலத்தில் வருபவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

விஸ் பார்க்கில் உட்கார வேண்டியது முதல் பேஸ் பக்கம் (மட்டையாளர் பார்வையில் வலது பக்கம்), உள்ளூர் அணியான கேடி விஸ் ரசிகர்களின் ஆரவாரமெல்லாம் அங்கேதான். எதிரே மூன்றாவது பேஸ் பக்கம் வெளியூர் ரசிகர்களுக்கு. கோடையில் சில நாட்கள் ரன் விழும்போதெல்லாம் இருக்கைகள் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள், கைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேவை. உள்ளேயே ஜின்மி கோழி வறுவலும் போயோங் மாண்டுவும் (கொரியக் கொழுக்கட்டை) கிடைக்கும், இரண்டும் சுவோன் ஊர்க் கடைகள். இதில் பிக் பேர்ட் போட்டிக்கே வராது. 2024இல் கொரிய பேஸ்பால் லீக் பார்வையாளர்கள் முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டினார்கள். ஆகவே வார இறுதிக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

போக்குவரத்தில் இரண்டுமே சுமார்தான். எதற்கும் வாசலில் சுரங்க ரயில் கிடையாது. விஸ் பார்க்குக்குச் சியோலின் சாதாங் நிலையத்திலிருந்து 7770 பேருந்து எளிது. பிக் பேர்டுக்குச் சின்புந்தாங் ரயில் பாதையில் குவாங்யோ ஜுங்காங் நிலையத்தில் இறங்கி, பேருந்து அல்லது அரை மணி நடை. விஸ் பார்க்குக்குக் காரில் வருபவர், அதே விளையாட்டு வளாகத்தில் அதே நாளில் சுவோன் எஃப்சி கால்பந்தும் உண்டா என்று பார்க்கவும். இருந்தால் நிறுத்த இடம் கிடைப்பது கடினம்.

கோட்டையையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு வழியே மாறும். 1794-96இல் மன்னர் ஜோங்ஜோ கட்டிய மதில் 5.7 கி.மீ.; முழுச் சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். விஸ் பார்க் போவதென்றால் தெற்கே பால்தால்முன்னில் தொடங்கி மலையேறி, மேற்கு வாசல் வழியாக ஜாங்கான்முன்னில் இறங்கலாம். படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. பிக் பேர்ட் என்றால் ஜாங்கான்முன்னில் தொடங்கி, ஏழு வளைவு நீர்வாயில் ஹ்வாஹோங்முன் வழியாகக் கிழக்கே நடப்பது எளிது. பால்தால்முன் சந்தைப் பக்கம் மதில் அறுந்துபோயிருக்கும், அங்கே தெருவழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

குளிர்காலத்தில் வந்தால் இந்தப் போட்டியே இல்லை: 1988 ஒலிம்பிக் ஹேண்ட்பால் நடந்த, விஸ் பார்க் வளாகத்து உள்ளரங்கில் ஹியூண்டாய் ஹில்ஸ்டேட் அணியின் பெண்கள் வாலிபால்.