டிபி காய்ச்சல்தானே என்று விட்டுவிடாத இதயப் பிரிவு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை ஏன் குறைத்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டிபி மாத்திரை ஆரம்பித்து இரண்டே வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது, ஆறாவது வாரம் திரும்ப வந்தது. முன்பு பார்த்த இடத்தில் "டிபிதானே, மாத்திரையைத் தொடருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வியர்வை, எடை குறைவு எல்லாம் இதய வால்வில் கிருமி தொற்றினாலும் அப்படியே வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே டாக்டர் முதலில் பார்த்தது அப்பாவின் நகங்களை. சிலாம்பு ஏறியது போல நகத்தடியில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள், நாங்கள் கவனிக்கவே இல்லை. அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, வால்வில் சத்தம் இருக்கிறது என்றார்.

ரத்தம் எடுத்த விதத்துக்காகவே இவர்களைப் பாராட்டலாம். ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே, இடம் மாற்றி மாற்றிக் குத்தி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு மூன்று தடவை எடுத்தார்கள். டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற வேறு கிருமிகளையும் அடக்கும், கிருமி இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகலாம் என்று சொல்லி, அப்பா சாப்பிடும் மாத்திரைகளை லேப் சீட்டிலேயே எழுதிவிட்டார். மூன்றில் இரண்டில் என்டெரோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்தது.

நெஞ்சின் மேல் வைத்து எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அதோடு விட்டுவிடாமல் மறுநாளே உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டியே போவதால் வால்வு அதில் நன்றாகத் தெரியுமாம். திரையில் எனக்கும் காட்டினார்கள். மைட்ரல் வால்வின் ஓரத்தில் கிருமி சேர்ந்த சின்னத் துணுக்கு ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, குறை. உணவுக்குழாய் வழியாக எடுத்த அந்த எக்கோவுக்கு வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அப்பா காலையில் சாப்பிட்டுவிட்டதால் சாயங்காலம் வரை காத்திருந்தோம். டிபி என்றதும் ஸ்கேன் அறையில் ஒருவர் தள்ளியே நின்றார், சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்ற ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் கிட்டே வந்தார். அப்பா முகம் அப்போது சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆறு வாரம் ஊசி போட்டு முடித்தாயிற்று, டிபி மாத்திரை தொடர்கிறது. இங்கே போகிறவர்கள் மாத்திரை அட்டையையும் சளி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.