தேன் மதுவில் ஆல்கஹால் எத்தனை சதம்: ஹைட்ரோமீட்டரா, ரிஃப்ராக்டோமீட்டரா?

தஞ்சாவூர்ப் பக்கம் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு கருவியும் கைப்பழக்கம். அடர்த்தி பார்க்கச் சாற்றில் மிதக்கவிடுவது ஹைட்ரோமீட்டர்; கரும்பு முற்றிவிட்டதா என்று வயலிலேயே ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது ரிஃப்ராக்டோமீட்டர். லண்டனில் தேன் மது போடும் என் அக்கா மகன், "மாமா, எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். (அங்கே சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை. நம்மூரில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

ஒன்றுதான் வாங்குவதென்றால் ஹைட்ரோமீட்டர்.

கரும்புச் சாற்றில் ஆல்கஹால் கிடையாது, அதனால் வயலில் ரிஃப்ராக்டோமீட்டரை நம்பலாம். தேன் நீர் புளித்த பிறகு கதை வேறு. ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கருவி சர்க்கரையை அளக்கிறது; ஆனால் சர்க்கரையோடு ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும். 24 பிரிக்ஸில் (எடையில் 24 சதம் சர்க்கரை) தொடங்கி, சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறித் தீர்ந்துபோன மதுவிலும் அது 8, 9 பிரிக்ஸ் காட்டும். திருத்தக் கணக்கு இருக்கிறது, ஆனாலும் அது தோராயம்தான். ஒரே சொட்டு போதும் என்பதால் தொடக்க அளவுக்கு மட்டும் அருமையான கருவி.

ஹைட்ரோமீட்டரில் தொடக்க அடர்த்தியிலிருந்து முடிவு அடர்த்தியைக் கழித்து 131.25ஆல் பெருக்க வேண்டும். நீரின் அடர்த்தி 1.000 என்ற கணக்கில், 1.100இல் தொடங்கி 1.000இல் நின்றால் சுமார் 13 சதம். ஆனால் தேனை நன்றாகக் கலக்காவிட்டால் அது அடியில் தங்கிவிடும், தொடக்க அளவு குறைவாக வரும். பெரிய பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. அப்புறம் வெப்பம். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. நம் சித்திரை வெயிலில் 35 டிகிரி திரவத்தில் அளவு 0.004 குறையும். இரண்டு முறையும் ஒரே வெப்பத்தில் பார்த்தால் அந்தப் பிழை அநேகமாகக் கழிந்துவிடும். வெந்நீரில் தேன் கரைத்த சூட்டோடு ஒருமுறை, ஆறிய மதுவில் ஒருமுறை என்று பார்த்தால் அரை சதத்துக்கு மேலேயே தவறும். கடைசி அளவுக்கு முன் குமிழிகளையும் வெளியேற்ற வேண்டும். அவை ஒட்டிக்கொண்டு கருவியைத் தூக்கிவிடும்.

கருவியே வேண்டாம், தேன் எடையை வைத்துக் கணக்குப் போடுகிறேன் என்பவர்களுக்கு: தேனில் ஏறத்தாழ 80 சதம் சர்க்கரை, லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதம் ஆல்கஹால். இது உச்ச வரம்பு மட்டுமே. ஈஸ்ட் பாதியில் நின்றதா என்பதை எடை சொல்லாது.

தொடக்க அளவு எடுக்க மறந்தவர்களுக்கும் வழி உண்டு. மதுவின் அடர்த்தியைப் பார்த்து, குறித்த அளவு எடுத்து, ஆல்கஹால் ஆவியாகிப் போகும்படி பாதியாக வற்றும்வரை திறந்த பாத்திரத்தில் காய்ச்சி, ஆறியதும் காய்ச்சி வடித்த நீரால் பழைய அளவுக்கு நிரப்பி மறுபடி பார்க்க வேண்டும். வித்தியாசம் 0.013 வந்தால் சுமார் 10 சதம். கோடுகள் 0.002 இடைவெளியில் இருக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு கோடு தவறினாலே ஒன்றரை சதம் போய்விடும், அதனால் நுண்ணிய கோடுள்ள கருவிதான் இதற்கு வேண்டும்.