இரண்டு ஃபேனை மாற்றுவதா, ஐந்து ஸ்டார் ஏசிக்குப் போவதா?

ஃபேனும் ஏசியும் எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டு இ.பி. பில் 500 யூனிட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே யூனிட், 243 ரூபாய்! 500-க்குள் இருக்கும்வரை 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான், தாண்டிவிட்டால் அந்த நூறுக்கும் 4.70 ஆகிவிடும். 501-லிருந்து 8.40, 601-லிருந்து 9.45.

தண்டையார்பேட்டையில் ஏசி உள்ள ஒரு வீட்டின் கோடைப் பில் 560 யூனிட், 2,544 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், எலக்ட்ரானிக் போர்டு வைத்த மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், இரண்டுக்கு 81. பில் 479 யூனிட்டுக்கு இறங்கி 1,673 ரூபாய் ஆகும். ஒரே பில்லில் 871 ரூபாய் குறைகிறது. இரண்டு ஃபேனும் ஆறாயிரத்துக்குள் முடியும்.

ஏசி கணக்கு வேறு. ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்டது. கடையில் மூன்று ஸ்டார், ஐந்து ஸ்டார் லேபிள்களைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 200 யூனிட் என்றால், தினமும் 8 மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 60 யூனிட் மிச்சம். கோடையில் மட்டும் போடுகிறவருக்கு அதோடு சரி. ஃபேனோ மார்கழியிலும் கொசுவுக்காகச் சுற்றும். ஆகவே எங்கள் ஓட்டு முதலில் ஃபேனுக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, வருடம் முழுக்க ஏசி தேவைப்படும் வயதானவர்கள் என்றால் ஐந்து ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது. ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். லேபிளில் எந்தக் காலத்துக்கானது என்று போட்டிருப்பதையும் படியுங்கள்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றும் தூசியும் அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே படிந்தால் சூடு வெளியேறாது. கம்ப்ரசர் அதிக நேரம் இழுக்கும். ஐந்து ஸ்டார் என்ற பேர்தான் மிஞ்சும். மெயின் சுவிட்சை அணைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கும்.

தனி மீட்டரில் 190 யூனிட்டே ஓடும் வீட்டுக்கு இரண்டு ஃபேன் மாற்றினால் ஒரு பில்லில் மிச்சம் 190 ரூபாய்தான். போட்ட காசு திரும்ப ஐந்து வருடம் ஆகும். ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம், காயில் எரியும்போது மாற்றினால் போதும். ஆனால் சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற வாடகைக் குடித்தனத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசமும் இல்லை, குறைந்த யூனிட்டுக்கான குறைந்த கட்டணமும் இல்லை. வடசென்னையின் ஒண்டுக் குடித்தனங்களில் இது பெரிய அநியாயம். அவர்களுக்கு அதே 81 யூனிட் 648 ரூபாய். ஒன்றரை வருடத்தில் ஃபேன் விலை வந்துவிடும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

பிஎல்டிசி ஃபேனை மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேர் லைன் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாகப் போட்டால் உள்ளே இருக்கும் போர்டு அடிபடும். சாதா ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்றினால் தீர்ந்தது. பிஎல்டிசியில் போர்டு போனால் அந்தக் கம்பெனி போர்டேதான் வேண்டும். வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.