சியென்னா, ஒடிசி, பசிஃபிகா, கார்னிவல்: பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

மினிவேன் பார்க்கப் போகிறவர்கள் டீலரிடம் கேட்பது மைலேஜ், சீட், வட்டி விகிதம். ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) என்ற சொல் வாயில் வருவது, வண்டி வாங்கி ஓரிரு வருஷம் கழித்துக் கம்பெனிக் கடிதம் வந்த பிறகுதான். எட்டு வருஷமாக மினிவேன் ஓட்டுகிறேன். நடு வரிசையில் எப்போதும் ஒரு குழந்தை இருந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் நான்கு மினிவேன்களை அந்த வரிசையிலேயே ஒப்பிடுகிறேன்: முதலில் கதவு, பிறகு ஓடும்போது நிற்கும் ஆபத்து, பிறகு நடு சீட், கடைசியில் சர்வீஸ்.

கதவிலிருந்து தொடங்குவோம்

மினிவேனை மினிவேன் ஆக்குவது அந்தச் சறுக்குக் கதவுதான். அதிகம் சிக்கல் கொடுப்பதும் அதுவே.

டொயோட்டா 2016 நவம்பரில் 2011 முதல் 2016 வரையிலான சியென்னாக்களை ரீகால் செய்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 7.44 லட்சம் வண்டிகள். பனி உறைந்தோ வேறு காரணத்தாலோ கதவு திறக்க முடியாமல் இறுகி நின்றால், அதைத் தள்ளப் பார்க்கும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அளவு மீறி ஃப்யூஸ் போய்விடும். அந்த நேரம் பார்த்து பூட்டு பாதி விடுபட்ட நிலையில் இருந்தால், வண்டி ஓடும்போது கதவு திறந்துகொள்ளலாம்.

ஹோண்டா ஒடிசிக்கும் ஏறக்குறைய இதே கதை, ஆனால் வேறு வழியாக வந்தது. 2018 முதல் 2020 வரையிலான ஒடிசிகளில் வெளிக் கைப்பிடியின் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி உறைந்தால் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாது. சுமார் 3.24 லட்சம் வண்டிகளை 2020இல் அழைத்துக் கேபிளை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 2018இல், பவர் கதவு முழுவதாகப் பூட்டாத குறைக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 2018, 2019 ஒடிசிகள் அழைக்கப்பட்டிருந்தன. ஒரே கதவுக்கு மூன்று வருஷத்தில் இரண்டு ரீகால். பழைய ஒடிசி வாங்குகிறவர் இரண்டும் செய்யப்பட்டனவா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று முடிந்திருப்பதால் மற்றதும் முடிந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

கியா கார்னிவலில் பிரச்சினை எதிர்ப்பக்கம். அங்கே கதவு திறந்துகொள்ளும் பயமில்லை, மூடும்போது நசுக்கிவிடும் பயம். நடுவில் கையோ விரலோ இருந்தால் கதவு உடனே பின்வாங்க வேண்டும். 2022, 2023 கார்னிவல்களில் அது போதுமான அளவு நடக்கவில்லை என்று 2023இல் 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அழைக்கப்பட்டன. மென்பொருளை மாற்றி, கதவு மெதுவாக மூடும்படியும் எச்சரிக்கை மணி அடிக்கும்படியும் செய்தார்கள். கார்னிவல் வைத்திருப்பவர்கள் "என் கதவு இப்போது ஆமை மாதிரிப் போகிறது" என்று குறைபட்டால், அது பெரும்பாலும் அந்த ரீகால் வேலை நடந்ததற்கான அடையாளம். தயவுசெய்து வேகத்தைக் கூட்டச் சொல்லி டீலரிடம் போகாதீர்கள்.

ஓடும்போது நிற்பது, நிற்கும்போது எரிவது

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கிறைஸ்லர் பசிஃபிகா. முதல் மாடலான 2017 வண்டிகளிலேயே, ஓடும் வண்டி திடீரென்று சக்தியிழக்கிறது என்ற புகார் கிளம்பி, 2018 ஜனவரியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு மென்பொருள் ரீகால் வந்தது. பிளக்-இன் ஹைப்ரிட் வகை, அதாவது பெட்ரோலோடு, சார்ஜ் போடும் பேட்டரியிலும் ஓடுவது, இன்னும் சிக்கலானது. 2022 பிப்ரவரியில் 2017, 2018 ஹைப்ரிட் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்குக் கம்பெனியே சொன்னது: சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்கும் மற்ற வண்டிகளுக்கும் தள்ளி வெளியே நிறுத்துங்கள். அணைத்து நிறுத்தியிருந்த வண்டிகள் தீப்பிடித்ததுதான் காரணம். 2024இல் 2017 முதல் 2021 வரையிலான ஹைப்ரிட்டுகள் சிலவற்றுக்கு அதே அறிவுரை மறுபடியும் வந்தது. இடையே 2022 டிசம்பரில், ஓடும்போது எஞ்சின் அணைந்துபோகும் ஆபத்துக்காக 67 ஆயிரம் ஹைப்ரிட்டுகளுக்குத் தனி ரீகால்.

வீட்டோடு ஒட்டிய கராஜில், படுக்கையறைக்குக் கீழே வண்டி நிறுத்தும் குடும்பம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பசிஃபிகாவின் பெட்ரோல் வகைக்கு இந்தத் தீ ரீகால்கள் இல்லை. நடு சீட்டைத் தரைக்குள் மடித்து மறைக்கும் வசதியும் பெட்ரோல் வகையில்தான் உண்டு. ஹைப்ரிட்டில் அந்த இடத்தில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பசிஃபிகா மனதில் இருந்தால் பெட்ரோல் வண்டியைப் பாருங்கள்.

ஒடிசியிலும் ஓட்டத்தில் நிற்கும் ஆபத்து ஒன்று உண்டு. 2023 நவம்பரில் ஹோண்டா தன் வி6 எஞ்சின் வண்டிகள் சுமார் 2.49 லட்சத்தை அழைத்தது. அதில் 2018, 2019 ஒடிசிகளும் அடங்கும். தயாரிப்புத் தவறால் எஞ்சினுக்குள் பிஸ்டன் தண்டைத் தாங்கும் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்து இறுகினால் எஞ்சின் நின்றுவிடலாம். பரிசோதித்து, தேவைப்பட்டால் எஞ்சினையே மாற்றித் தர வேண்டும். எஞ்சினுக்குள் மெல்லிய தட்டும் சத்தம் கேட்டால் "ஆயில் மாற்றினால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைக்க விடாதீர்கள்.

நடு வரிசையில் யார் உட்காருகிறார்கள்?

விளம்பரத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கும். அந்த நட்சத்திரத்தை மட்டும் வைத்து நடு வரிசையை எடைபோட முடியாது. ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், மோதல் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னால் இன்னொரு பொம்மையையும் உட்கார வைக்கிறது. அதன் அளவு உடல் சிறிய ஒரு பெண், அல்லது 12 வயதுப் பிள்ளை. 2023இல் அந்தச் சோதனை முடிவுகள் வந்தபோது நான்கு மினிவேன்களில் ஒன்றுகூட 'நல்லது' வாங்கவில்லை. சியென்னா, பசிஃபிகா, கார்னிவல் மூன்றும் கடைசிக்கு முந்தைய தரம். ஒடிசி கடைசித் தரம். முன் சீட்டில் நான்கும் நன்றாகவே காப்பாற்றின. பின்னால் இருந்தவரின் நெஞ்சில் பெல்ட் அளவுக்கு மீறி அழுத்தியது, அல்லது பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை முன் சீட்டுக்கு மாற்றிவிடக் கூடாது. பன்னிரண்டு வயது வரை பின்னால்தான். ஐந்து பட்டை போட்ட கார் சீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைக்கும் இந்த முடிவு அப்படியே பொருந்தாது. இது தொடுவது, கார் சீட்டை விட்டு வந்து வண்டியின் பெல்ட்டை மட்டும் நம்பியிருக்கும் பெரிய பிள்ளைகளை, நடு வரிசையில் ஏறும் தாத்தா பாட்டியை. மாடலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள் என்பதால், நீங்கள் வாங்கும் வருஷத்துக்கான மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள்.

2011 முதல் 2017 வரையிலான பழைய ஒடிசி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. நடு சீட்டைக் கழற்றி மாட்டிய பிறகு சரியாகக் கொக்கியில் விழாவிட்டால், பிரேக் போடும்போது சீட் முன்னால் சாயும் என்று 2017இல் சுமார் 8 லட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. இரண்டாம் கையாக வாங்கினால், சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2021 முதல் வரும் சியென்னாவில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அதன் நடு சீட்டைக் கழற்றவே முடியாது. சீட்டிலேயே ஏர்பேக் இருப்பதுதான் காரணம். சாமான் ஏற்ற இடம் குறைகிறது என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ஒரே பிராண்ட், இரண்டு டீலர்

எங்கள் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நடந்தது கம்பெனியைவிட டீலரைப் பற்றியது.

ஒரு குளிர்காலம் முழுக்கக் காலையில் இடப்பக்கக் கதவு பாதியில் நின்றது. மோட்டார் "கிர்ர்" என்று இழுக்கும், கதவு நாலு விரல் இடைவெளி விட்டு நிற்கும், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. இரண்டாவது முறை சாத்தினால் மூடிக்கொள்ளும். முதல் டீலரிடம் கொண்டு போனேன். சர்வீஸ் அட்வைசர் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தார். வீட்டுக்கு வந்து ரிப்பேர் ஆர்டரைப் படித்தால், "கதவில் சத்தம் வருவதாக வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று மட்டும் இருந்தது. பூட்டாமல் நிற்கிறது என்ற வார்த்தையே இல்லை. கீழே "சோதித்தோம், குறை தென்படவில்லை". எப்படித் தென்படும்? ஹீட்டர் போட்ட கொட்டகைக்குள் வண்டி இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது.

அடுத்த வாரம் இருபது நிமிஷம் தள்ளியிருந்த, அதே பிராண்டின் வேறொரு டீலர். அங்கிருந்த பெண்மணி முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு இப்படி ஆகிறது?"

"காலை ஏழு, ஏழே கால்."

"அப்போ இன்று ராத்திரியே வண்டியை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் டெக்னீஷியன் வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பார்."

மறுநாள் ஒன்பது மணிக்குப் போன் வந்தது. கீழ்ப்பாதையில் ஓடும் ரோலர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அழுக்கும் பனியும் சேர்ந்து கட்டியாகி, கதவைக் கடைசி இரண்டு அங்குலத்தில் பிடித்து நிறுத்தியிருந்தது. கழற்றிய ரோலரை ஒரு பையில் போட்டு என்னிடம் காட்டினார்கள். ஒரு ஓரம் கத்தியால் சீவியதுபோல் இருந்தது. வாரண்டியிலேயே மாற்றினார்கள்.

ஆகவே எந்த டீலரிடம் போனாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரிப்பேர் ஆர்டரில் உங்கள் புகாரை வரி வரியாகப் படியுங்கள். "ஓடும்போது", "பூட்டாமல்", "பிள்ளை உட்காரும் பக்கம்" போன்ற சொற்கள் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை வாங்கியவருக்கு நிவாரணம் தரும், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள லெமன் சட்டத்தின்கீழ் வழக்கு என்று வந்தால், ஒரே குறைக்கு எத்தனை முறை போனீர்கள் என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி. கைபேசியில் எடுத்த வீடியோவும் உடன் இருக்கட்டும்.

ரீகால் வேலைக்கு டீலர் காசு கேட்கக் கூடாது. முதல் விற்பனையிலிருந்து 15 வருஷம் வரை இலவசம், நீங்கள் எத்தனையாவது சொந்தக்காரர் என்பது பொருட்டில்லை. 'சர்வீஸ் புல்லட்டின்' என்பது வேறு. அது டெக்னீஷியனுக்கான குறிப்பு மட்டுமே, வாரண்டி இருந்தால்தான் இலவசம். இரண்டையும் குழப்பிப் பேசும் டீலரிடம், "இது ரீகாலா, புல்லட்டினா, எண் என்ன?" என்று கேளுங்கள். ரீகாலைச் செய்ய மறுத்தால் கம்பெனியிடமும், என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடமும் புகார் கொடுக்கலாம். இன்னொன்று: வெளியே ஆயில் மாற்றினீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. 1975ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ரசீதுகளை மட்டும் தூக்கிப்போடாதீர்கள்.

வாரண்டியில் யார் முன்னே?

புது வண்டியென்றால் கியா. முழு வண்டிக்கு 5 வருஷம் அல்லது 60 ஆயிரம் மைல், எஞ்சின் கியருக்கு 10 வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல். மற்ற மூன்றும் முழு வண்டிக்கு 3 வருஷம், 36 ஆயிரம் மைல். டொயோட்டாவும் ஹோண்டாவும் எஞ்சின் கியருக்கு 5 வருஷம், 60 ஆயிரம் மைல். ஆனால் கியாவின் பத்து வருஷம் முதல் சொந்தக்காரருக்கு மட்டும். டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 வருஷம் அல்லது ஒன்றரை லட்சம் மைல் தருகிறது, அது வண்டியோடு கைமாறும். பழையது வாங்குகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் பெரிது.

என் தேர்வு

பனி விழும் இடத்தில் புதிதாக வாங்கினால் சியென்னா. நான்கு சக்கர இழுவை இதிலும் பசிஃபிகாவிலும்தான் கிடைக்கும். நீண்ட நாள் வைத்திருக்கப் போகிற முதல் சொந்தக்காரர், பனி கவலையில்லை என்றால், கார்னிவல். 2018, 2019 ஒடிசியை நான் தொடுவதாக இருந்தால் கதவு, எஞ்சின் ரீகால் எல்லாம் முடிந்த அத்தாட்சியைக் கையில் வாங்கிய பிறகே. பழைய பசிஃபிகா ஹைப்ரிட் எங்கள் கராஜுக்குள் வராது.

பழைய வண்டியை ரீகால் முடிக்காமலே விற்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. அதனால் விற்கிறவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். முன் கண்ணாடியின் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் வண்டியின் அடையாளமான 17 எழுத்து வின் எண் இருக்கும். அதை என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால் முடிக்கப்படாத ரீகால்கள் தெரியும். ஷோரூமில் நின்றபடியே ஒரு நிமிஷத்தில் பார்க்கலாம்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடு சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, முதுகைச் சாய்க்கச் சொல்லுங்கள். மேல் பட்டை தோளின் நடுவில் போக வேண்டும், கழுத்தை உரசக் கூடாது. கீழ்ப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். முழங்கால் சீட் விளிம்பில் மடங்க வேண்டும். சென்ற மாதம் நாங்கள் பார்த்த வண்டியில் என் பெரியவளுக்குப் பட்டை நேராகக் கழுத்தில் வந்து நின்றது. அவளுக்கு இன்னும் ஒரு வருஷமாவது உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் சீட் தேவை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை.