மலை ரயில் லேஅவுட்டுக்கு லேசர் வெட்டு மரக் கிட்

மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையை 1:87 அளவில் மாடலாகக் கட்டுகிறேன். மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்) என்பதால் மாடலில் அந்த இடைவெளி 12 மி.மீ., ஆனால் கட்டடத்துக்கு வழக்கமான ஹெச்ஓ (1:87 அளவு மாடல்களின் பெயர்) கிட்டே பொருந்தும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இந்தப் பாஸ்வுட் (மென்மையான, லேசான மரம்) குடோன் கிட் அருமை! பலகைச் சந்து, ஆணித் தடம் வரைக்கும் தெரிகிறது, கறுப்பு மையை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு தடவை தடவினாலே வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த மரம்போல ஆகிவிடுகிறது. சுவர் மெலிசு, முதலில் உள்ளே கட்டை ஒட்டி முட்டுக் கொடுங்கள், அப்புறம் இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளைந்துவிடும். உலோக உதிரிகளில் பிசிறு இருந்தது, அரம் போட வேண்டியிருந்தது. கூரியர், கஸ்டம்ஸ் வரி சேர்த்தால்தான் கை கடிக்கிறது. கோயமுத்தூரில் நண்பர்கள் இருந்தால் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள்.