அணைக்காத விளக்கா, அணைக்காத கம்ப்யூட்டரா: கரண்ட் பில்லை ஏற்றுவது எது?

"லைட்டை அணைச்சிட்டு வாடா" என்று சத்தம் போடாத அம்மா தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதே வீட்டில் மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் இரண்டு மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் இருட்டாக இருப்பதால் அது யார் கண்ணிலும் படாது. குண்டு பல்பு காலத்தில் அந்த அதட்டலில் நியாயம் இருந்தது. 60 வாட் என்பது சின்ன விஷயமில்லை. இன்று அதே ஹோல்டரில் தொங்குவது 9 வாட் எல்இடி. மேசைக்கு அடியில் ஓடும் பெட்டிதான் இப்போது 60 வாட்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாள் கணக்குதான் நமக்கு வேண்டியது. இரவு பகலாக ஒரே ஒரு வாட் இழுத்துக்கொண்டிருந்தால் 60 நாளில் 1.44 யூனிட். அதாவது எப்போதும் ஓடும் எந்தப் பொருளாக இருந்தாலும், அதன் வாட்டை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கினால் பில்லில் ஏறப்போகும் யூனிட் வந்துவிடும்.

விலைக்கு 2022 செப்டம்பர் 10 முதல் அமலான கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் அந்த எண்கள் வட்டமாக இருப்பதால் மனக்கணக்குக்கு வசதி.

வாசல் விளக்கு: விடிய விடிய எரிந்தால்

திருட்டு பயம், தெருநாய், இரவில் வேலை முடிந்து வரும் பிள்ளை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வாசல் விளக்கை மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எரியவிடும் வீடுகள் நிறைய. 12 மணி நேரம், 60 நாள். மொத்தம் 720 மணி நேரம்.

60 வாட் குண்டு பல்பு என்றால் 43 யூனிட். பழைய டியூப் லைட் 40 வாட் என்று போட்டிருந்தாலும் செம்புக் கம்பி சோக் தன் பங்குக்கு 10 வாட் போல இழுக்கும். ஆக 50 வாட், 36 யூனிட். 15 வாட் சிஎஃப்எல் கிட்டத்தட்ட 11 யூனிட். 9 வாட் எல்இடி ஆறரை யூனிட்.

இதில் குண்டு பல்புக்கு இனி இடமே இல்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி எல்இடி பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஆரம்பித்த பிறகு விலை சரிந்து, இப்போது மளிகைக் கடையிலேயே தொங்குகிறது. யோசிக்க வேண்டியது டியூப் லைட் விஷயத்தில்தான். நன்றாக எரிகிற டியூபைக் கழற்றிப் போட மனசு வராது. ஆனால் தினம் ஆறு மணி நேரம் எரிகிற கூடத்து டியூபுக்குப் பதில் 20 வாட் எல்இடி பட்டை மாட்டினால் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட் மிச்சம். யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்தாலும் 50 ரூபாய். போட்ட 250 ரூபாய் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும். எப்போதாவது திறக்கும் ஸ்டோர் ரூம் டியூபை மட்டும் அது சாகும்வரை விட்டுவிடலாம்.

படுக்கையறையில் எரியும் 'ஜீரோ வாட்ஸ்' பல்பை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பெயரைப் பார்த்துக் கரண்டே இழுக்காது என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பழைய கண்ணாடிக் குமிழ் வகை 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். சக்கரம் சுற்றும் பழைய மீட்டர்களில் இவ்வளவு சின்ன லோடு சரியாகப் பதிவாகாது என்பதால் வந்த பெயர் என்பார்கள். 15 வாட் பல்பு எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 7.2 யூனிட். வாசலில் விடிய விடிய எரியும் எல்இடியைவிட இது அதிகம்! அதே வெளிச்சத்துக்கு அரை வாட் எல்இடி நைட் லாம்ப் கால் யூனிட்டோடு நின்றுவிடும்.

"அடிக்கடி அணைச்சுப் போட்டா அதிகமா இழுக்கும், எரியட்டும் விடு" என்பது இன்னொரு பழைய வாதம். டியூப் பற்றிக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் கூடுதலாக இழுப்பது உண்மை, ஆனால் மீட்டரில் தெரிகிற அளவுக்கு இல்லை. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதால் குறைவது டியூப், சிஎஃப்எல்லின் ஆயுள். அதனால்தான் சிஎஃப்எல் உள்ள அறைக்கு 15 நிமிடத்துக்குள் திரும்புவதாக இருந்தால் அணைக்க வேண்டாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. எல்இடிக்கு இந்தக் கவலையும் கிடையாது.

கம்ப்யூட்டர்: ஓடவிடு, தூங்கவிடு, அணை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மீது 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அதிகபட்சம் தரக்கூடிய அளவு. எப்போதும் இழுக்கும் அளவு இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போது 40 முதல் 70 வாட்டுக்குள் இருக்கும். நான் 60 என்று வைக்கிறேன். எல்சிடி மானிட்டர் 20. மொத்தம் 80. கேமிங் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ளலாம்.

தினம் ஆறு மணி நேரம் உண்மையான வேலை, மீதி 18 மணி நேரம் சும்மா என்று எடுத்துக்கொண்டால், அந்த 18 மணி நேரத்துக்கு இரண்டு மாதக் கணக்கு இது:

எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தால் 86 யூனிட்.
மானிட்டர் மட்டும் அணைந்தால் 65 யூனிட்.
ஸ்லீப்பில் போட்டால், 3 வாட் என்று வைத்தாலும், மூன்றேகால் யூனிட்.
ஷட்டவுன் செய்து பிளக்கில் விட்டால் ஒரு யூனிட்.
சுவரில் சுவிட்சையும் அணைத்தால் ஒன்றுமில்லை.

இரண்டாவது வரியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். திரை கறுத்ததும் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று நினைப்பு. 80 வாட்டில் 20 தான் போயிருக்கிறது; மிச்சம் 60 ஓடுகிறது. ஸ்கிரீன் சேவர் இதைவிட மோசம். பழைய குண்டுத் திரை மானிட்டர்களில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் தழும்பு விழும் என்பதற்காக வந்தது அது. கரண்டை மிச்சம் பிடிப்பது அதன் வேலை இல்லை. மீன் நீந்திக்கொண்டிருக்கும் வரை 80 வாட்டும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஸ்லீப்புக்கும் ஷட்டவுனுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட். பத்து ரூபாய்க்காகத் திறந்திருக்கும் முப்பது டேப்களை மூடிவிட்டு ஷட்டவுன் செய்யத் தேவையில்லை என்பது என் கட்சி. ஒரே ஒரு சிக்கல் உண்டு. ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால், சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இது பெரிய இழப்பு. அந்த வீடுகளுக்கு ஹைபர்னேட் சரி. திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைந்துகொள்ளும், எழும்ப மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். விண்டோஸில் அந்தத் தெரிவு மெனுவில் ஒளிந்திருக்கும், பவர் அமைப்புகளில் போய் ஒருமுறை இயக்கிவிட்டால் போதும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்க்கலாம். திறந்தபடி சும்மா கிடந்தாலும் 10 வாட். அதே 18 மணி நேரத்துக்கு 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மூடி வைத்தால் அதிலும் பத்தில் ஒன்று. ஆனால் கரண்ட் பில்லுக்காக டெஸ்க்டாப்பை விற்று 40,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்குவேன் என்று யாராவது சொன்னால் அது கரண்ட் கணக்கில் சேராது. ஸ்லீப்பில் போட எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

இரவெல்லாம் ஓடவிடும் பழக்கத்துக்கு நம் ஊரில் ஒரு சரித்திரம் உண்டு. பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை டேட்டா கணக்கில் சேராது என்ற திட்டம் இருந்தது. டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கப்போன தலைமுறை அது. இன்று இரண்டு மணி நேரப் படம் சில நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பழக்கம் மட்டும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து விழித்திருக்கிறது.

அதே 86 யூனிட், மூன்று விலை

இதுவரை யூனிட்டில் பேசினேன். விலை வேறு கதை. 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். நான் எடுத்துக்கொண்ட 2022 கட்டணத்தில், 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50. அதற்கு மேல் போகப்போக 8, 9, 10, 11.

500 யூனிட்டில் நின்ற வீட்டுக்குப் பில் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இப்போது அணைக்காத கம்ப்யூட்டரின் 86 யூனிட்டை வெவ்வேறு வீடுகளில் சேர்த்துப் பாருங்கள். வழக்கமாக 150 யூனிட் ஆகும் சின்னக் குடும்பத்தில் பில் 112 ரூபாயிலிருந்து 387-க்குப் போகும். கூடுதல் சுமார் 275. ஏசி ஓடி 850 யூனிட் தொட்ட வீட்டில் கூடுதல் 860. நடுவில் 460 யூனிட் வீடு இருக்கிறதே, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, நாலு ஃபேன் உள்ள சாதாரண நடுத்தரக் குடும்பம், அங்கே 1,485 ரூபாய் பில் 2,318 ஆகிறது. கூடுதல் 833. ஏசி இல்லாமலேயே ஏசி வீட்டுக்காரர் கொடுக்கிற விலையை அந்த 86 யூனிட்டுக்கும் இவர்கள் கொடுக்கிறார்கள். ஸ்லீப்பில் போட்டிருந்தால் இதே வீட்டுக்குக் கூடுதல் 20 ரூபாய்க்குள்தான்.

விளக்கிலும் இதே விளையாட்டு. அந்த 460 யூனிட் வீட்டில் வாசலுக்கு எல்இடி போட்டால் கூடுதல் 39 ரூபாய். டியூப் போட்டால் 496-ல் நின்று 216 ரூபாய். குண்டு பல்பு போட்டால் 503. கோட்டைத் தாண்டிவிட்டது, கூடுதல் 489 ரூபாய். டியூபுக்கும் குண்டு பல்புக்கும் ஏழு யூனிட்தான் வித்தியாசம், பில்லிலோ 273 ரூபாய்.

கூட்டத்தில் ஒளிந்திருப்பவை

ஆளில்லாத அறையில் சுற்றும் பழைய ஃபேன் 75 வாட். லைட்டுக்குக் கிடைக்கும் திட்டில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. தினம் ஐந்து மணி நேரம் வெறும் அறைக்குக் காற்று வீசினால் 22 யூனிட். 10 வாட் வைஃபை ரவுட்டர் நாள் முழுக்க ஓடி 14 யூனிட். இரவில் எட்டு மணி நேரம் அணைத்தால் அதில் ஐந்து குறையும். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் பல மாடல்களில் சின்ன விளக்கு நிறம் மாறுகிறதே தவிர இழுப்பு பெரிதாகக் குறைவதில்லை. பெட்டியின் மேல் கை வைத்தால் சூட்டில் தெரியும். மொபைல் சார்ஜரை பிளக்கில் விடாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் உபதேசத்தால் இரண்டு மாதத்தில் அரை யூனிட்கூட மிச்சமாகாது. செட்டாப் பாக்ஸைச் சுவரில் அணைப்பதே மேல்.

என் எண்களை நம்ப வேண்டியதில்லை. மின்வாரியத்தின் டிஜிட்டல் மீட்டர் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்றும் அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுங்கள். வருவது அந்த நேரத்து வாட். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். 14 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 80 வாட். மானிட்டரை அணைத்தால் அது 19 நொடி வாக்கில் போகும். ஸ்லீப்பில் போட்டால் மீட்டர் முன் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும்.

400-க்கும் 500-க்கும் இடையில் ஊசலாடும் வீடாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். போன பில்லில் உள்ள ரீடிங்கைக் குறித்துவைத்து, ஏறக்குறைய ஐம்பதாவது நாளில் மீட்டரைப் பாருங்கள். வித்தியாசம் 420-ஐத் தாண்டியிருந்தால் மீதிப் பத்து நாளைக்குக் கம்ப்யூட்டரை ஓடவிடக் கூடாது. 80 வாட் பெட்டி அந்தப் பத்து நாளில் சும்மா நின்றே 14 யூனிட் ஏற்றிவிடும். வாசல் எல்இடி அந்தப் பத்து நாளும் விடிய விடிய எரிந்தாலும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலேதான்.